விடுதியில் எழுந்த கேள்விகள்: பென்சில்வேனியாத் தாதியியல் பீடத்தின் ஆய்வு மையங்கள்

அரச வைத்தியசாலையில் ஓர் இரவு தங்கிய எவருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. விடுதி நிறைய நோயாளர். கட்டில் போதாமல் நிலத்தில் பாய் விரித்தபடி சிலர். இரவுக் கடமையில் இரண்டொரு தாதியர் மட்டும். ஒருவருக்குச் சேலைன் முடிகிறது, இன்னொருவருக்கு ஊசி போடும் நேரம், கடைசிக் கட்டிலில் ஒருவர் மூச்சுவிடக் கஷ்டப்படுகிறார். "மிஸ் எங்களைத் திரும்பியும் பார்க்கிறா இல்லை" என்று உறவினர்கள் கோபப்படுவார்கள். ஒரே நேரத்தில் நாலு இடத்தில் நிற்க முடியாது என்பது அந்தத் தாதிக்குத் தெரியும். ஆனால் அதை அவர் யாரிடம் சொல்வது? சொன்னாலும், வேலைக்குச் சோம்பல் என்ற பெயர்தான் மிஞ்சும்.

ஒரு தாதி எத்தனை நோயாளரைப் பார்க்கலாம்? அந்த எண்ணிக்கை கூடினால் நோயாளருக்கு என்ன நடக்கும்? நீண்ட காலமாக இது தொழிற்சங்கங்களின் கோரிக்கையாகவும் நிர்வாகத்தின் மறுப்பாகவும் மட்டுமே இருந்துவந்தது. அதைக் கணக்குப் போட்டு உலகின் முன் வைத்த இடங்களில் முதன்மையானது, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் தாதியியல் பீடம். அங்குள்ள ஆய்வு மையங்கள் என்ன செய்கின்றன, எப்படிச் செய்கின்றன, அவற்றால் எது மாறியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தாதியியலில் ஆய்வு என்றால் என்ன?

ஆய்வுகூடம் என்றதும் கண்ணாடிக் குழாயும் நுணுக்குக்காட்டியும்தான் நினைவுக்கு வரும். தாதியியல் ஆய்வில் அவையும் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி வேறு வகையானது. தாதியியல் ஆய்வாளர் நோயை விட நோயாளரைச் சுற்றி நடப்பவற்றையே கூடுதலாகக் கவனிக்கிறார்: வலியை எப்படிக் குறைப்பது, படுக்கைப் புண்ணை எப்படித் தடுப்பது, வீடு திரும்பியவர் ஏன் மறுபடியும் வைத்தியசாலைக்கு வருகிறார், குறைமாதக் குழந்தையை எப்போது தாயிடம் கொடுக்கலாம் என்பன அவரது கேள்விகள்.

இந்த வழி ஒரு போரிலிருந்து தொடங்கியது. 1854 இல் கிரிமியப் போருக்குச் சென்ற புளோரன்ஸ் நைற்றிங்கேலை 'விளக்கேந்திய சீமாட்டி' என்று பாடப்புத்தகங்கள் அறிமுகப்படுத்துகின்றன. அவர் கணக்குப் பார்ப்பதிலும் வல்லவர். போர்வீரர்களில் பெரும்பாலானோர் காயத்தால் அல்ல, தடுத்திருக்கக்கூடிய தொற்றுநோய்களாலேயே இறந்தார்கள் என்பதை 1858 இல் வட்ட வடிவ வரைபடங்களாக வரைந்து அரசின் முன் வைத்தார். இறந்தவர்களை எண்ணி, காரணத்தை எழுதி, அதிகாரத்தில் உள்ளவர் மறுக்க முடியாதபடி காட்டுவது என்ற அந்த முறையைத்தான் இன்றைய தாதியியல் ஆய்வு மையங்களும் பின்பற்றுகின்றன.

ஒரு தாயின் கோபத்திலிருந்து

பென்சில்வேனியாப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பாடசாலை 1886 இல் தொடங்கியது. அக்காலத்தில் பயிற்சி என்றால் பெரும்பாலும் விடுதி வேலைதான். பல்கலைக்கழகத்தில் தாதியியலுக்கெனத் தனிப்பீடம் 1950 இல் உருவானது. அதை ஆய்வுக்குப் பெயர்பெற்ற பீடமாக்கியதில் பெரும் பங்கு, 1977 இல் பீடாதிபதியாக வந்த கிளெயார் பேகினுடையது.

பேகின் ஒரு மனநலத் தாதி. அவரது சிறிய மகன் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டபோது, இரவில் தாய் கூட நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று அமெரிக்க வைத்தியசாலைகளில் அதுவே வழமை. தாய் அருகிலிருந்தால் குழந்தை அழும், தொற்று வரும், ஒழுங்கு கெடும் என்பது நிர்வாகங்களின் வாதம். பேகின் தன் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு இதையே எடுத்துக்கொண்டார். தாய் கூடவே தங்கிய குழந்தைகளையும், தாய் பார்வை நேரத்தில் மட்டும் வந்துபோன குழந்தைகளையும் வீடு திரும்பிய பின் ஒப்பிட்டார். தாயைப் பிரிந்திருந்த குழந்தைகளே கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். 1960 களில் வெளியான இந்த ஆய்வு, பெற்றோர் குழந்தையுடன் தங்குவதை அனுமதிக்கும் மாற்றத்துக்குத் துணைநின்றது.

நம் ஊர் அம்மாமாருக்கு இது சொல்லித் தெரியவேண்டிய விடயமல்ல. ஆனால் எல்லாத் தாய்மாருக்கும் தெரிந்த ஒன்றை வைத்தியசாலை விதியாக மாற்றுவதற்கு ஓர் ஆய்வு தேவைப்பட்டது என்பதைக் கவனிக்கவேண்டும். பேகின் 2024 இல் தமது 97 ஆவது வயதில் காலமானார். பீடத்தின் பிரதான கட்டடம் இன்று அவரது பெயரால் அழைக்கப்படுகிறது.

எண்ணிக்கையும் இறப்பும்

இப்பீடத்தின் மிகவும் அறியப்பட்ட நிலையம், சுகாதாரப் பெறுபேறுகள் மற்றும் கொள்கை ஆய்வு மையம். அதை நிறுவியவர் லிண்டா எய்க்கன். தாதியாகத் தொழிலைத் தொடங்கிச் சமூகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். இந்த மையத்தில் நோயாளர் படுக்கைகள் இல்லை. அங்கே இருப்பவை தரவுகளும் அவற்றைப் படிக்கத் தெரிந்த ஆட்களும்தான்.

எய்க்கன் குழுவின் 2002 ஆம் ஆண்டு ஆய்வு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியானது. பென்சில்வேனியா மாநிலத்தின் 168 வைத்தியசாலைகள், 10,184 தாதியர், சத்திரசிகிச்சை செய்துகொண்ட 232,342 நோயாளர் என்பன அதன் அளவு. அதன் முறை எளிமையானது, ஆனால் கெட்டித்தனமானது. வைத்தியசாலை நிர்வாகங்களிடம் "உங்களிடம் போதிய தாதியர் உண்டா?" என்று கேட்டால் வரும் பதில் எப்படி இருக்கும் என்பது தெரிந்ததே. ஆகவே மாநிலத்தின் தாதியர் பதிவேட்டை வைத்து, தாதியருக்கே நேரடியாகத் தபாலில் வினாக்கொத்து அனுப்பினார்கள். கடைசிக் கடமை முறையில் எத்தனை நோயாளரைப் பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். அந்தப் பதில்களை அதே வைத்தியசாலைகளின் நோயாளர் பதிவுகளுடன் பொருத்திப் பார்த்தார்கள்.

முடிவு இதுதான்: ஒரு தாதி பார்க்கும் நோயாளரில் ஒருவர் கூடும்போதெல்லாம், சத்திரசிகிச்சை செய்தவர் 30 நாட்களுக்குள் இறப்பதற்கான சாத்தியம் 7 வீதத்தால் கூடியது. தாதி ஒருவருக்கு 4 நோயாளர் என்ற நிலைக்கும் 8 நோயாளர் என்ற நிலைக்கும் இடையே அந்த வேறுபாடு 31 வீதமாக இருந்தது. மேலதிகமாகச் சேரும் ஒவ்வொரு நோயாளருடனும் தாதியர் மனம் சோர்ந்துபோகும் சாத்தியமும் 23 வீதத்தால் உயர்ந்தது.

ஏன் இப்படி? சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரும் சிக்கல்களில் பல, முதலில் சிறிய மாற்றமாகவே தெரியும். நாடித்துடிப்பு கொஞ்சம் கூடும். சிறுநீர் குறையும். நோயாளர் சற்றுக் குழம்பிப் பேசுவார். வைத்தியர் விடுதியைச் சுற்றிப்பார்க்கும் நேரம் குறைவு. நாள் முழுவதும் அருகில் நிற்பது தாதிதான். அவர் அதை உரிய நேரத்தில் கண்டு வைத்தியரை அழைத்தால் உயிர் தப்பும். பத்துப் பேருக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தால் அந்தச் சிறிய மாற்றம் கண்ணில் படாது. ஆய்வாளர்கள் இதைக் 'காப்பாற்றத் தவறுதல்' என்ற ஓர் அளவுகோலாகவே வைத்திருக்கிறார்கள்.

இத்தகைய ஆய்வு ஒரு தொடர்பைக் காட்டுமே தவிர, காரணத்தைத் தனியே நிரூபித்துவிடாது. தாதியர் குறைந்த வைத்தியசாலை வேறு வழிகளிலும் பின்தங்கியிருக்கலாம் அல்லவா? இந்த மறுப்புக்குப் பதில் சொல்ல மையம் தன் ஆய்வை வேறு நாடுகளுக்கு விரித்தது. ஐரோப்பாவின் 9 நாடுகளில் 300 வைத்தியசாலைகளையும் 422,730 நோயாளரையும் உள்ளடக்கிய ஆய்வு 2014 இல் லான்செட் சஞ்சிகையில் வந்தது. அங்கும் அதே 7 வீதம். தாதியரில் பட்டதாரிகளின் பங்கு 10 வீதத்தால் கூடிய இடத்தில் இறப்பின் சாத்தியம் 7 வீதத்தால் குறைந்ததும் அதில் தெரிந்தது.

சட்டம் வந்த பின்

கலிபோர்னியா மாநிலம், தாதியர் அமைப்புகளின் நீண்ட போராட்டத்துக்குப் பின், தாதி ஒருவருக்கான நோயாளர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதிக்கும் சட்டத்தை 1999 இல் நிறைவேற்றியது. 2004 இல் அது நடைமுறைக்கு வந்தது. பொது மருத்துவ, சத்திரசிகிச்சை விடுதிகளில் வரம்பு பின்னர் 5 ஆனது.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016 இல் 27 பொது வைத்தியசாலைகளில் இதுபோன்ற விதியைக் கொண்டுவந்தது: பகல் கடமை முறைகளில் ஒரு தாதிக்குச் சராசரியாக 4 நோயாளர், இரவில் 7 நோயாளர். விதி வருமுன்னும் வந்த பின்னும் நடந்ததை, விதி இல்லாத 28 வைத்தியசாலைகளுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. 2021 இல் வெளியான அந்த ஆய்வின் மதிப்பீட்டின்படி 145 இறப்புகள் தவிர்க்கப்பட்டன. நோயாளர் திரும்ப அனுமதிக்கப்படுவதும், அவர்கள் தங்கும் நாட்களும் குறைந்தன. அதனால் மிஞ்சிய பணம், மேலதிகத் தாதியருக்குச் செலவான பணத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. "பணமில்லை" என்று சொல்லும் நிர்வாகங்களுக்கு இந்தக் கணக்கு ஒரு பதில்.

துண்டு வெட்டிய பின் என்ன நடக்கிறது?

வைத்தியசாலையில் துண்டு வெட்டிவிட்டார்கள் என்றால் வீட்டில் நிம்மதி. ஆனால் எந்த மாத்திரையை நிறுத்துவது, காயத்தை எப்படிக் கழுவுவது, காய்ச்சல் வந்தால் யாரைக் கேட்பது என்ற குழப்பமும் அன்றே தொடங்குகிறது. இப்பீடத்தின் இரண்டாவது முக்கிய ஆய்வு வழி இந்தக் குழப்பத்தைப் பற்றியது.

முதல் அடி குறைமாதக் குழந்தைகளில் வைக்கப்பட்டது. பீடத்தைச் சேர்ந்த டொரத்தி புரூட்டனும் குழுவினரும் 1986 இல் வெளியிட்ட ஆய்வில், மிகக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைகளில் ஒரு பகுதியினரைச் சராசரியாக 11 நாட்கள் முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் வெறுமனே அனுப்பவில்லை. சிறப்புப் பயிற்சி பெற்ற தாதி, தாய்க்கு முன்கூட்டியே பழக்கிக்கொடுத்தார், வீட்டுக்குப் போய்ப் பார்த்தார், தொலைபேசியில் பதில் சொன்னார். குழந்தைகளுக்குப் பாதிப்பு எதுவும் கூடவில்லை. செலவும் குறைந்தது.

அதே முறையை மேரி நெய்லர் முதியவர்களுக்குக் கொண்டுசென்றார். 1999 இல் வெளியான அவரது ஆய்வில் பிலடெல்பியாவின் இரண்டு வைத்தியசாலைகளைச் சேர்ந்த, 65 வயதுக்கு மேற்பட்ட 363 பேர் பங்குபற்றினார்கள். ஒரு பிரிவினருக்கு வழமையான முறை. மற்றப் பிரிவினருக்கு, வைத்தியசாலையில் இருக்கும்போதே அறிமுகமான ஒரு தாதி. வீடு திரும்பி 48 மணித்தியாலத்துக்குள் அவர் ஒருமுறை வருவார். ஏழு முதல் பத்து நாட்களுக்குள் மறுபடியும் வருவார். இடையில் தொலைபேசியில் பேசுவார். 24 வாரங்கள் முடிந்தபோது, வழமையான பிரிவில் 37.1 வீதமானோர் மீண்டும் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டிருந்தார்கள். தாதி தொடர்ந்து பார்த்த பிரிவில் அது 20.3 வீதம். செலவு ஏறத்தாழ அரைவாசி. நோயாளர் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறும் காலத்தின் பராமரிப்பை ஆராய, பீடத்தில் இன்று தனி மையமே இயங்குகிறது.

எறிகணைச் சிதறலை உடம்பில் வைத்துக்கொண்டு வாழ்பவர்களுக்கும், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுப் படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கும் குடும்பங்களுக்கும் இந்த ஆய்வின் அர்த்தம் புரியும். துண்டு வெட்டப்பட்டதோடு சிகிச்சை முடிவதில்லை. அதன் பிறகு நடப்பதை யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துப் பார்க்கவேண்டும்.

மூடப்பட்ட வைத்தியசாலைகளின் நினைவு

பீடத்தின் இன்னொரு மையத்தில் நோயாளரும் இல்லை, புள்ளிவிபரமும் இல்லை. அங்கே இருப்பவை பெட்டி பெட்டியாகப் பழைய காகிதங்கள். 1985 இல் தொடங்கிய இந்தத் தாதியியல் வரலாற்று ஆய்வு மையம், மருத்துவரும் எழுத்தாளருமான பார்பரா பேற்ஸின் பெயரைத் தாங்கியது. தாதியர் பயிற்சிப் பாடசாலைகளின் பதிவேடுகள், வீடு வீடாகச் சென்ற தாதியர் அமைப்புகளின் அறிக்கைகள், கடிதங்கள், புகைப்படங்கள் என்பன அங்கே பேணப்படுகின்றன.

அவற்றில் ஒரு தொகுதி, பிலடெல்பியாவின் மேர்சி டக்ளஸ் வைத்தியசாலைக்கும் அதன் தாதியர் பாடசாலைக்கும் உரியது. கறுப்பின வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் பயிற்சியளிக்க மற்ற வைத்தியசாலைகள் மறுத்த காலத்தில், அந்தச் சமூகம் தனக்கெனக் கட்டியெழுப்பிய வைத்தியசாலைகளின் தொடர்ச்சி அது. அதன் முன்னோடி 1895 இல் தொடங்கப்பட்டது. 1970 களில் மேர்சி டக்ளஸ் மூடப்பட்டது. கட்டடம் போனாலும் அங்கே படித்தவர்கள் யார், எப்படி வேலை செய்தார்கள் என்பதை இன்றும் ஒரு மாணவி போய்ப் படிக்கலாம். ஏனென்றால் யாரோ அந்தக் காகிதங்களைக் குப்பைக்குப் போகவிடாமல் எடுத்துவைத்தார்கள்.

வன்னியில் 2009 மே வரை நடந்ததை நாம் அறிவோம். கிளிநொச்சி, தர்மபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று வைத்தியசாலைகள் இடம்பெயர்ந்துகொண்டே இருந்தன. பாடசாலைக் கட்டடங்களிலும் தறப்பாள் கொட்டில்களிலும் காயக்காரருக்குக் கட்டுப்போட்ட தாதியரும் தொண்டர்களும் இன்று வயதாகி வருகிறார்கள். அவர்கள் கண்டதை எழுதிவைப்பதும் தாதியியல் ஆய்வுதான் என்பதை இந்த மையம் நமக்குச் சொல்கிறது.

பயிற்சி ஆய்வுகூடம்

மாணவர்கள் முதலில் நுழையும் இடம் செயன்முறை ஆய்வுகூடம். அசல் விடுதியைப் போல் கட்டில்களும் கருவிகளும் அங்கே உண்டு. கட்டிலில் கிடப்பது மூச்சுவிடும், நாடித்துடிப்புக் காட்டும் மனித உருவப் பொம்மை. ஆசிரியர் கணினியிலிருந்து அதன் இரத்த அழுத்தத்தை வீழ்த்துவார். மாணவி என்ன செய்கிறார் என்பது பதிவாகும். பின்னர் எல்லோரும் உட்கார்ந்து அதைப் பார்த்து, எங்கே தாமதித்தோம் என்று பேசுவார்கள். உயிருள்ள நோயாளரில் செய்யக்கூடாத பிழையை இங்கே செய்து திருத்திக்கொள்ளலாம்.

ஆய்வு என்ற பெயரில் நடந்த அநியாயம்

ஆய்வைப் பற்றிப் பேசும்போது அதன் இருண்ட பக்கத்தை மறைக்கக்கூடாது. இதே பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பீடத்தைச் சேர்ந்த தோல்நோய் நிபுணர் அல்பேர்ட் கிளிக்மன், பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பேர்க் சிறையில் 1950 களிலிருந்து 1974 வரை கைதிகளின் உடலில் பரிசோதனைகள் நடத்தினார். பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். என்ன பூசப்படுகிறது, என்ன ஏற்றப்படுகிறது என்பது பலருக்குச் சொல்லப்படவில்லை. மருத்துவப் பீடம் 2021 இல்தான் மன்னிப்புக் கேட்டது.

அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை சிபிலிஸ் நோயுள்ள கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை கொடுக்காமல் வேடிக்கை பார்த்த ஆய்வும் இத்தகையது. அந்த ஆண்களின் நம்பிக்கையைப் பெற்று அவர்களை ஆய்வில் தொடர வைத்தவர் ஒரு தாதி. இந்த அம்பலங்களுக்குப் பிறகே, பங்குபற்றுபவரின் விளங்கிக்கொண்ட சம்மதமும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் அமெரிக்காவில் சட்டத் தேவையாகின.

போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் படிவத்தோடு வந்து கேள்வி கேட்டுப் போனவர்கள் ஏராளம். அழவைத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து முடிவைச் சொன்னார்களா என்பது கேட்கவேண்டிய கேள்வி. யார் வந்தாலும் நீங்கள் கேட்கக்கூடியவை சில உண்டு. இந்த ஆய்வை யார் நடத்துகிறார்கள்? எந்த நெறிமுறைக் குழு அனுமதி தந்தது? என் பெயர் வெளியே வருமா? விரும்பாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடலாமா? பாதியில் நிறுத்தினால் எனக்குக் கிடைக்கும் சிகிச்சையோ உதவியோ நிற்குமா? முடிவை எங்களுக்கு எப்போது, எந்த மொழியில் சொல்வீர்கள்? நேர்மையான ஆய்வாளர் இவற்றுக்கு முகம் சுளிக்கமாட்டார்.

இங்கே காத்திருக்கும் கேள்விகள்

இலங்கையிலும் தாதியியல் பட்டப்படிப்பு உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தாதியியலுக்கெனத் தனிப்பீடம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் மாணவர்கள் தாதியியல் படிக்கிறார்கள். பிலடெல்பியாவின் பணமும் கணினிப் பதிவுகளும் நம்மிடம் இல்லை. ஆனால் எய்க்கனின் ஆய்வுக்கு அடிப்படையாக இருந்தது தாதியிடம் நேரே கேட்ட ஒரு வினாக்கொத்து. பேகினின் ஆய்வுக்கு அடிப்படையாக இருந்தது வீடு திரும்பிய குழந்தைகளைப் பற்றிய ஒப்பீடு. இவற்றுக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் தாதியர் நாட்டைவிட்டுப் போவது வழமையான செய்தியாகிவிட்டது. எஞ்சியிருக்கும் ஒருவருக்கு இப்போது எத்தனை நோயாளர்? அங்கவீனமுற்றவர் கிளினிக்குக்கு வர ஒரு நாளில் எத்தனை பஸ் மாறுகிறார்? பொருத்திய செயற்கைக் கால் எத்தனை வருடம் தாங்குகிறது? பிள்ளையைத் தேடிப் பதினைந்து வருடத்துக்கு மேலாக அலையும் தாயின் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் யார் தொடர்ந்து பார்க்கிறார்கள்? இவை விடுதியிலும் கிளினிக் வாங்கிலும் அன்றாடம் பேசப்படும் விடயங்கள். எண்ணி எழுதப்படாதவரை அவை பேச்சாகவே இருக்கும்.

வாசகர்களாக நாம் செய்யக்கூடியதும் உண்டு. நோய் நிர்ணய அட்டையையும் கிளினிக் கொப்பியையும் பழையதென்று எறிந்துவிடாதீர்கள். இடம்பெயர்ந்தபோது தொலைந்தவற்றை ஞாபகத்திலிருந்து எழுதி, திகதியோடு அதில் சேர்த்துவையுங்கள். உங்கள் வீட்டிலோ அயலிலோ ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இருந்தால், அவர் வேலை செய்த இடங்களையும் வருடங்களையும் கேட்டு எழுதுங்கள், அல்லது கைத்தொலைபேசியில் பதிவுசெய்யுங்கள். பெயர் வெளியே வருவதை அவர் விரும்பாவிட்டால் அதை மதியுங்கள். தாதியியல் படிக்கும் பிள்ளை ஒன்று ஆய்வுத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால், அந்தப் பதிவு அதற்கு நல்ல தொடக்கமாக இருக்கும்.